ஒரே படம்... ரெண்டு பேரு!

பண்ருட்டி பக்கத்துல இருக்கிற எங்க மாமாவுக்குப் பலாமரம்னா வீட்டுத் திண்ணை மாதிரி. போன வருஷம் காய் இறக்கும்போது கால் வழுக்கி, உட்கார்ந்த வாக்கில் விழுந்தார். முதுகெலும்பில் முறிவு.

கடலூரில் எக்ஸ்ரே பார்த்த டாக்டர், "ஏ-3. பெல்ட் போட்டு ரெஸ்ட் எடுத்தா போதும்" என்றார். அதே ஃபிலிமை சிதம்பரத்தில் காட்டினோம். "ஏ-4 மாதிரி இருக்கு. ஆபரேஷன் தேவைப்படலாம்" என்றார் இந்த டாக்டர். அத்தை அழுதுட்டாங்க. 'ரெண்டு பேர்ல ஒருத்தருக்குப் படம் பார்க்கத் தெரியலை' என்று நான் டயலாக் விட்டேன்.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். 2013-ல் வெளியான ஏ.ஓ. ஸ்பைன் முறைப்படி, முறிவு மூன்று வகை. ஏ என்றால் எலும்பு நசுங்குவது. பி என்றால் எலும்புகளை இழுத்துக் கட்டியிருக்கும் அமைப்பு அறுவது. சி என்றால் எலும்பு இடம் பெயர்வது. நசுங்கிச் சிதறிய எலும்பில் மேல்தட்டு, கீழ்த்தட்டு இரண்டில் ஒன்று மட்டும் உடைந்தால் ஏ-3. ரெண்டும் உடைந்தால் ஏ-4. இந்த முறையை உருவாக்கியவர்களே சோதித்தபோது, 'ஏ வகை' என்பதில் டாக்டர்கள் ஒத்துப்போன அளவு 0.72. ஏ-4 என்பதிலோ வெறும் 0.19!

அதென்ன அளவு? பேரு 'கப்பா'. 1960-ல் ஜேக்கப் கோஹன் என்பவர் கொடுத்தது. நான் சிவில் ஸ்டூடன்ட் இல்லையா... லேபில் உடைத்துப் போட்ட 20 கான்கிரீட் க்யூப்களை நானும் ரூம்மேட்டும் தனித்தனியாகப் பார்த்து, 'நேர் உடைப்பு', 'கோணல் உடைப்பு' என்று எழுதினோம். ஆளுக்குப் பத்துப் பத்து. 14-ல் ஒத்துப்போச்சு. 70 சதவிகிதம்னு காலரைத் தூக்கிவிட்டேன். ஆனா, கண்ணை மூடிக்கிட்டு எழுதியிருந்தாலே சராசரியா 10 ஒத்துப்போயிருக்கும். அந்த அதிர்ஷ்டத்தைக் கழித்தால், மிச்சமிருந்த பத்தில் நாலுதான் எங்க திறமை. கப்பா 0.4. கையில் தொட்டுப் பார்த்த கல்லுக்கே இந்த லட்சணம்!

கோவை கங்கா மருத்துவமனையின் டாக்டர் எஸ்.ராஜசேகரனும் பல நாட்டு சர்ஜன்களும் சேர்ந்து 2017-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முதலில் எக்ஸ்ரே, அப்புறம் சி.டி., கடைசியில் எம்.ஆர்.ஐ. என்று வரிசையாகக் காட்டிக் கேட்டதில், சி.டி. வந்ததுமே சரியாக வகை பிரிப்பது கூடியது. அதாவது, பல நேரம் குறை டாக்டரிடம் இல்லை... படத்தில்!

மாமாவுக்கும் சி.டி. எடுத்தோம். கீழ்த்தட்டு முழுசாக இருந்தது. ஏ-3. யோசிச்சுப் பார்த்தா, ரெண்டு டாக்டருமே முதலில் கேட்டது ஒரே கேள்விதான்: "கால் மரத்துப் போகுதா?" இல்லை என்ற அந்தப் பதிலும் சேர்ந்துதான் ஆபரேஷனைத் தள்ளி வைத்தது.

இப்போ மாமா நடக்கிறார். மரம் ஏற மட்டும் அத்தை தடா! உங்க வீட்டிலும் ரெண்டு டாக்டர் ரெண்டு பேர் சொன்னா, என்னை மாதிரி டயலாக் விடாதீங்க. "எதைப் பார்த்து அப்படிச் சொல்றீங்க சார்?"னு கேளுங்க.