கேட்டுப் பார்த்த ஆட்டம்

புழலில் குடியிருக்கிறேன் என்று சொன்னால் கேட்பவர் முகத்தில் ஒரு சிறு தயக்கம் தோன்றி மறையும். சிலர் துணிந்து, "உள்ளேயா, வெளியேயா?" என்று கேட்டுவிடுவதும் உண்டு. 2006-ல் மத்திய சிறை இங்கே வந்தபிறகு ஊரின் பெயரே ஒரு தண்டனையின் பெயராகிவிட்டது. அதற்கு முன்பு புழல் என்றால் ஏரி. பட்டணம் குடிக்கும் தண்ணீர். அப்பா துறைமுக வேலையிலிருந்து ஓய்வுபெற்றதும் ராயபுரத்து வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு இங்கே வந்தோம். இதையெல்லாம் சொல்லக் காரணம், எங்கள் வீட்டிலிருந்து சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானம் 15 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம் என்பதும், அங்கே போய்ச் சேர அப்பாவுக்கு 38 வருஷங்கள் ஆயின என்பதும்தான்.

1986 செப்டம்பர் 22. இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் சேப்பாக்கத்தில் ஆடிய டெஸ்ட் மேட்ச் 'டை' ஆன நாள். டெஸ்ட் வரலாற்றில் அப்படி முடிந்தவை இரண்டே ஆட்டங்கள். மற்றது 1960-ல் பிரிஸ்பேனில். அந்தக் கடைசி ஓவரை அப்பா சொல்லிக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். "நாலு ரன் வேணும். மாத்யூஸ் போடறான். சாஸ்திரி ரெண்டு எடுத்தான். அப்பால ஒண்ணு. ஸ்கோர் சமம். மனீந்தர் சிங் ஒரு பந்த தடுத்துட்டான். அடுத்தது கால்ல பட்டுது. அம்பயர் கைய தூக்கிட்டாரு. நான் பார்த்தேன்டா." எனக்குப் பன்னிரண்டு வயதானபோதுதான் அப்பா அன்று மைதானத்தில் இல்லை என்பதை அம்மா போகிறபோக்கில் சொன்னாள். உடன் வேலை செய்தவரிடம் ஒரு டிக்கெட் மிச்சம் இருந்தது. அப்பாவுக்கு ஷிப்ட், போனால் கூலி பிடிப்பார்கள். துறைமுகத்துக் கிடங்கு ஒன்றின் கதவில் மாட்டியிருந்த டிரான்சிஸ்டரைச் சுற்றி இருபது பேர் நின்று கேட்டிருக்கிறார்கள். அப்பா பார்த்தது அதைத்தான்.

அவரைப் பொய்யர் என்று அன்று முடிவு செய்தேன். பன்னிரண்டு வயதின் நீதி அது. பிறகு பி.ஏ.வில் ஆங்கில இலக்கியம் படித்தேன். பிரதியை விட்டு நகராதே, அதற்கு வெளியே உள்ள எதையும் நம்பாதே என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். அப்பாவின் மீதான என் பழைய தீர்ப்புக்கு அது ஒரு சித்தாந்த அந்தஸ்தையும் கொடுத்தது. ஆட்டம் ஒன்று, வர்ணனை வேறு. பகலில் வங்கியில் மற்றவர்கள் பணத்தை எண்ணி, இரவில் மற்றவர்கள் கவிதையைப் பற்றி எழுதுகிற எனக்கு இந்தப் பிரிவினை வசதியாகவே இருந்தது. வர்ணனைக்காரர்களில் ஒருவன்தான் நானும் என்பது மட்டும் உறைக்கவில்லை.

2024 செப்டம்பரில் பங்களாதேஷ் அணி சேப்பாக்கத்துக்கு ஆட வந்தது. நான்காவது நாள் ஞாயிற்றுக்கிழமை, வங்கிக்கு விடுமுறை. தேதியைப் பார்த்தேன்: செப்டம்பர் 22. ஐந்து டிக்கெட் வாங்கினேன். அப்பா, அம்மா, மனைவி, நாலாம் வகுப்புப் படிக்கும் மகள், நான். என்னையறியாமலே ஒரு பழைய பொய்யை உண்மையாக்கும் காரியத்தில் இறங்கியிருந்தேன் போலிருக்கிறது.

முந்தின இரவு அப்பா பரண்மேலிருந்து டிரான்சிஸ்டரை இறக்கச் சொல்லி வேட்டித் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தார். "கிரவுண்டுக்கே போறோம், இது எதுக்குப்பா?" என்று சிரித்தேன். ஒரு காலத்தில் சேப்பாக்கத்தில் கண்ணெதிரே ஆட்டம் நடக்க, காதில் டிரான்சிஸ்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் உண்டு. அந்தப் பழக்கத்தைத்தான் நினைத்துக்கொள்கிறார் என்று எண்ணினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் அதை ஜன்னலோரம் வைத்துவிட்டார்.

காலையில் புழலில் பஸ் ஏறி, மூலக்கடை, வியாசர்பாடி வழியாக சென்ட்ரல். அங்கிருந்து மெட்ரோவில் ஒரே ஒரு ஸ்டேஷன், அரசினர் தோட்டம். நகரும் படிக்கட்டின் முன்னால் அப்பா தயங்கி நின்று அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டார். வயது என்று நினைத்தேன். வாலாஜா சாலைக் கூட்டத்தில் இரண்டு பேர் மேல் மோதிக்கொண்டார். பரபரப்பு என்று நினைத்தேன். எதையும் ஏதோ ஒன்றாக அர்த்தப்படுத்திவிடும் பழக்கம் இருப்பவன், பார்க்க வேண்டிய அவசியம் இல்லாமலே காலத்தை ஓட்டிவிட முடியும்.

சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். விடிகாலை நாலு மணிக்கு எழுந்து அம்மா கிளறிய புளிச்சாதம் வாசலில் தடுக்கப்பட்டது. பக்கத்து டீக்கடைக்காரர், "சாயந்திரம் வந்து வாங்கிக்கங்கம்மா" என்று தூக்கைத் தன் பெஞ்சுக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

உள்ளே போய் உட்கார்ந்தோம். பங்களாதேஷுக்கு இலக்கு 515. முந்தின நாள் நாலு விக்கெட் இழந்து 158. கைவசம் ஆறு விக்கெட், இன்னும் 357 ரன் வேண்டும். ஷான்டோவும் ஷகிப்பும் ஆட வந்தார்கள். பாட்டு, மேளம், கூச்சல். அப்பா கொஞ்ச நேரம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்துவிட்டு என் பக்கம் சாய்ந்து கேட்டார்: "இன்னாடா, யாரும் பேசமாட்டேங்கறாங்க?"

எனக்குப் புரியவில்லை. காது கிழிகிற சத்தம். பிறகு புரிந்தது. யாரும் ஆட்டத்தைச் சொல்லவில்லை. அவருக்குக் கிரிக்கெட் என்பது ஒரு தமிழ்க் குரல். சாத்தான்குளம் அப்துல் ஜப்பாரின் குரலைப் பற்றி வீட்டுப் பெரியவர் ஒருவரைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுவார். 2020 டிசம்பரில் ஜப்பார் இறந்துபோனபோது அன்று முழுவதும் யாரோடும் பேசவில்லை. தமிழைத் தவிர வேறெதுவும் தெரியாத ஒரு கூலிக்காரனின் காதில், பார்த்தேயிராத ஒரு வட்ட மைதானத்தைத் தமிழில் கட்டி எழுப்பிய குரல்கள் அவை. அந்த மைதானத்தில் அவருக்கு எல்லா இடமும் தெரியும். இந்த மைதானத்தில் ஒன்றும் தெரியவில்லை.

ஏறக்குறைய ஒரு மணி நேரம் விக்கெட் விழவில்லை. "சில்லி பாயின்ட் எங்கடா?" என்றார். கையை நீட்டிக் காட்டினேன். "ம்" என்றார். அவர் முகம் வேறு திசையில் இருந்தது. அப்போதும் நான் உணரவில்லை. அஷ்வின் பந்தில் ஷகிப் ஆட்டமிழந்து, மொத்தக் கூட்டமும் எழுந்து கத்தியபோது அப்பாவும் எழுந்து கை தட்டினார், தட்டிக்கொண்டே, "யாரு? யாரு அவுட்டு? யாரு புடிச்சது?" என்று என் சட்டையைப் பிடித்து இழுத்தார். அவருக்குப் பந்து தெரியவில்லை. பந்து மட்டுமல்ல, ஓடுகிறவர்களும் தெரியவில்லை. வெளிச்சமும் பச்சையும் தெரிந்திருக்கும். அவ்வளவுதான். ஒரே வீட்டில் இருக்கிறேன், தினமும் சேர்ந்து சாப்பிடுகிறேன், எனக்கு இது தெரியாது.

"சொல்லுடா" என்றார்.

சொல்ல ஆரம்பித்தேன். "அஷ்வின் போடறார்ப்பா... நல்ல பந்து."

"நல்ல பந்துன்றது நீ சொல்ற. எப்டி வந்துச்சு, அத சொல்லு."

இந்த மைதானத்துக்குப் பின்னால் திருவல்லிக்கேணியில், பிள்ளையார் கோயில் தெருவிலிருந்துதான் சி.சு. செல்லப்பா 1959 முதல் 'எழுத்து' பத்திரிகையை நடத்தினார். அலசல் விமர்சனம் வேண்டும் என்று அவரும், ரசனையின் அபிப்பிராயமே போதும் என்று க.நா.சு.வும் மோதிக்கொண்டதை இந்தப் பக்கங்களை வாசிப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நான் செல்லப்பா கட்சி. அப்படித்தான் எழுதியும் வந்திருக்கிறேன். ஆனால் அன்று என் வாயில் வந்ததெல்லாம் அபிப்பிராயம்தான்: 'நல்ல பந்து', 'அருமையான தடுப்பு', 'ஏமாந்துட்டான்'. பந்து எங்கே விழுந்தது, எந்தப் பக்கம் திரும்பியது, மட்டை எப்படி வந்தது என்று கண் கண்டதை வாய் சொல்ல அடுத்த பந்து வந்துவிடுகிறது. மூன்று ஓவர் முயன்றிருப்பேன். அப்பா பொறுமையிழந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மகள் அவருடைய அந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் கிரிக்கெட் தெரியாது. யாரும் கேட்காமலே ஆரம்பித்தாள். "தாத்தா, இப்ப அவரு மெதுவா வர்றாரு. கைய சுத்தறாரு. பந்து கீழ விழுந்து நம்ம பக்கமா வருது. அடிக்கிறவரு முட்டி போட்டு தள்ளிட்டாரு. தொப்பி போட்டவரு ஓடிப்போய் புடிக்கிறாரு."

"எங்கேந்து ஓடறாரு?"

"வெள்ளைக் கோடு இருக்குல்ல, அங்கேந்து."

"அது மிட் விக்கெட்டு" என்றார் அப்பா.

அதற்குப்பின் இருவரும் என்னை மறந்துவிட்டார்கள். அவள் உருவத்தைக் கொடுத்தாள், அவர் பெயரைக் கொடுத்தார். "குச்சி பக்கத்துல நின்னவரு புடிச்சிட்டாரு" என்பாள், "ஸ்லிப்பு. ரோகித்தா இருக்கும்" என்பார். லிட்டன் தாஸ் ஆட்டமிழந்தது அப்படித்தான் எனக்கே விளங்கியது. ஷான்டோ 82-ல் போனார். முன்வரிசையில் இருந்த ஒரு கல்லூரிப் பையன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு ஒருக்களித்து உட்கார்ந்து இவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டே பார்த்தான். கடைசியாக ஜடேஜா பந்தில் ஹசன் மஹ்மூத். "குச்சி விழுந்துடுச்சு தாத்தா!" "போல்டு" என்று அப்பா இரண்டு கைகளையும் தூக்கினார். பங்களாதேஷ் 234. இந்தியாவுக்கு 280 ரன்னில் வெற்றி. முழுநாள் பார்க்க வந்த ஆட்டம் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடிந்துவிட்டது.

டீக்கடைக்காரர் தூக்கை எடுத்துக் கொடுத்தபடி, "அதுக்குள்ள முடிச்சிட்டானுங்களா?" என்றார். வாலாஜா சாலையிலேயே நடந்து கடற்கரைக்குப் போய், உழைப்பாளர் சிலைக்குப் பக்கத்தில் கிடைத்த நிழலில் உட்கார்ந்தோம். தேவிபிரசாத் ராய் சௌத்ரி செய்த சிலை. 1959-லிருந்து நாலு பேர் ஒரே பாறையை நெம்பிக்கொண்டிருக்கிறார்கள். அப்பா தலையைப் பக்கவாட்டில் அசைத்து அசைத்து அதை நெடுநேரம் பார்த்தார். "நாலு பேரு. இது தெரியுது" என்றார்.

"எவ்ளோ நாளா இப்டி இருக்கு?"

"ரெண்டு வருசமா. ஓரமெல்லாம் இருட்டு கட்டிக்குது."

"ஏன் சொல்லலே?"

"நீ ராத்திரி பூரா எழுதிக்கினு இருப்ப" என்றார். குற்றம் சாட்டும் குரல் அல்ல அது. மகன் வேலையாக இருந்தான், தொந்தரவு செய்யவில்லை, அவ்வளவே. அம்மா தலை நிமிராமல் புளிச்சாதத்தைப் பங்குபோட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்திருந்தது.

மறு வாரம் எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். கிளாக்கோமா. கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பைக் கெடுக்கிற நோய். பெரும்பாலும் வலி இருக்காது. முதலில் ஓரப்பார்வையைத் தின்னும். நேரே பார்க்கும்வரை எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். போன பார்வை திரும்பாது. மிஞ்சியிருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம். இரண்டு வருஷம் முன்பே வந்திருந்தால் மிஞ்சியிருப்பது இன்னும் கூடுதலாக இருந்திருக்கும். 'பார்வை' என்ற சொல்லை நான் என் கட்டுரைகளில் எத்தனை முறை உபயோகித்திருக்கிறேன் என்று ஒரு இரவு எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டேன்.

2024 டிசம்பர் 18-ம் தேதி அஷ்வின் பிரிஸ்பேனில் ஓய்வை அறிவித்தார். அன்று மாலை எங்கள் தெருமுனைக் கடையில் அதைப் பற்றித்தான் பேச்சு. அப்பா மகளின் கையைப் பிடித்தபடி நின்றிருந்தார். "நம்ம கிரவுண்டுல அந்தக் கடைசி டெஸ்ட்ல ஆறு விக்கெட் எடுத்தான். நான் பார்த்தேன்" என்றார்.

"தாத்தா, நாம போனன்னிக்கு மூணுதான்" என்றாள் மகள்.

"மீதி மூணு முந்தின நாளு. அதையும் பார்த்தேன்" என்றார் அப்பா.

நான் டீக்குக் காசு கொடுத்துக்கொண்டிருந்தேன்.