கார் கதவில் தொங்கிய தட்டு

சென்னை வடபழனியில் விஜயா வாகினி ஸ்டூடியோ இருந்த இடத்தில் இன்று மாலும் மருத்துவமனையும் நிற்கின்றன. ஆற்காடு சாலையைப் பிடித்துக் கோடம்பாக்கம் பாலத்தைத் தாண்டி ஜெமினிக்கு வந்தால், ஜெமினி ஸ்டூடியோவும் இல்லை, ஓட்டல் இருக்கிறது. கதீட்ரல் சாலையில் இன்னும் நாலு எட்டு வைத்தால் செம்மொழிப் பூங்கா. அந்தப் பூங்கா இருக்கும் இடத்தில்தான் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் இருந்தது. 1962இல் திறந்து 2008இல் மூடிய ஓட்டல்.

அதைத் தொடங்கிய கே. கிருஷ்ண ராவ் பிழைப்புத் தேடி மதராஸுக்கு வந்தவர். உடுப்பிப் பக்கத்துக் கிராமத்துக்காரர். மாவாட்டும் வேலையிலிருந்து மேலே வந்தார். தென் கன்னட மாவட்டம் அப்போது சென்னை மாகாணத்தில் இருந்ததால், உடுப்பிக்காரர்களுக்கும் மதராஸ்தான் தலைநகரம். கோயில், மடத்துச் சமையலில் பழகிய கையோடு வந்தவர்கள் இங்கே ‘உடுப்பி ஓட்டல்’ என்ற சொல்லையே ஊர்வழக்காக்கினார்கள். கிருஷ்ண ராவ் 1930களின் இறுதியில் ராயப்பேட்டையில் ராமநாதபுரம் ராஜாவின் ‘உட்லண்ட்ஸ்’ மாளிகையை வாடகைக்கு எடுத்து ஓட்டல் நடத்தினார். மாளிகை கைவிட்டுப் போனது, பெயர் மட்டும் அவரோடு வந்தது. மயிலாப்பூரில் அவர் தொடங்கிய ஓட்டலுக்கு நியூ உட்லண்ட்ஸ் என்று பெயர்.

காரில் உட்கார்ந்தபடி சாப்பிடும் வழக்கம் அமெரிக்காவில் 1920களிலேயே உண்டு. அங்கே அது ஹாம்பர்கருக்கானது. கிருஷ்ண ராவ் அதே ஏற்பாட்டில் ரவா தோசையையும் சாம்பாரையும் கொண்டுவந்தார். டிரைவ்-இன் இருந்தது வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் வசமிருந்த தோட்டத்தில், நல்ல நிழல். மரத்தடியில் கார் நின்றதும் சர்வர் வருவார். ஜன்னல் கண்ணாடியை இறக்கினால் கதவில் தட்டை மாட்டுவார். அதன்மேல் டபராவும் டம்ளரும் வரும். காபியை ஆற்றும்போது கார் கொஞ்சம் அசைந்தாலும் டபராவில் சிந்தும். அதனால் பின்சீட்டில் இருக்கும் பிள்ளைகளை அதட்டி உட்கார வைப்பார்கள்.

கார் இல்லாதவருக்கும் உள்ளே மேசை இருந்தது. உண்மையில் அந்த இடத்தின் உயிர் அங்கேதான். ஒரு காபிக்கு எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் எழுந்து போ என்று யாரும் சொல்லாத இடம் நகரத்தில் அபூர்வம். மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகள், கல்லூரி மாணவர்கள், கதை விவாதத்துக்கு வந்த உதவி இயக்குநர்கள் எல்லோரும் அங்கே ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். வாடகை அறையில் நாலு பேராக ஒண்டியிருந்த ஓர் உதவி இயக்குநருக்கு ஒரு காபி விலையில் கிடைத்த அலுவலகம் அது. சென்னையின் சினிமா வரலாற்றை எழுதுகிறவர்கள் ஸ்டூடியோக்களோடு இந்த மேசைகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நிலம் யாருக்கு என்ற வழக்கு பல ஆண்டுகள் நடந்தது. தீர்ப்பு அரசுக்குச் சாதகமாக வர, 2008இல் டிரைவ்-இன் மூடப்பட்டது. ஓட்டல் இருந்ததைக் காட்ட ஒரு சுவர்கூட மிஞ்சவில்லை. 2010 நவம்பரில் முதல்வர் கருணாநிதி செம்மொழிப் பூங்காவைத் திறந்துவைத்தார். நல்ல பூங்கா, குறையில்லை. பழைய மரங்களை வெட்டாமல் விட்டது பெரிய புண்ணியம்; கார்களுக்கு நிழல் தந்த கிளைகளின் கீழ் இப்போது நடைபயிற்சிக்காரர்கள் போகிறார்கள்.

பூங்கா வாசலிலிருந்து கிழக்கே, கதீட்ரல் சாலை ராதாகிருஷ்ணன் சாலையாகப் பெயர் மாறிய பிறகு, நியூ உட்லண்ட்ஸ் வரும். அங்கே டிபன் இன்றும் கிடைக்கிறது.