நாற்காலியும் நமது பகுத்தறிவும்

பூனை குறுக்கே போயிற்றென்று திரும்பி வந்தவரையும், பல்லி சொல்லிற்றென்று பயணத்தை நிறுத்தியவரையும் கண்டு நகைத்தே நாம் பல ஆண்டுகளைக் கழித்துவிட்டோம். அவ்வாறு நகைக்க நமக்கு உரிமையுண்டா என்று ஒரு காலைப்பொழுது நம்மைக் கேட்டுவிட்டது.

2024 அக்டோபர் 31, சிங்கப்பூரில் தீபாவளி விடுமுறை. பண்டிகையை நாம் கொண்டாடுவதில்லை, விடுமுறையை விடுவதுமில்லை. காலை எட்டு மணிக்கே தொலைக்காட்சி முன் அமர்ந்தோம். நியூயார்க்கில் அப்பொழுது முதல்நாள் இரவு. பேஸ்பால் உலகத் தொடரின் ஐந்தாம் ஆட்டம். அந்நகரில் முன்பு சிலகாலம் தங்கியபோது யாங்கீஸ் குழுவின்மீது வைத்த பற்று இன்னும் நம்மை விட்டபாடில்லை. 27 முறை வாகை சூடிய அக்குழு, 2009-க்குப் பின் இப்பொழுதுதான் மீண்டும் இறுதிக்கு வந்தது. வந்தும், லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் குழுவிடம் முதல் மூன்று ஆட்டங்களையும் பறிகொடுத்து, நான்காவதில் மட்டுமே வென்றிருந்தது.

மூன்று சுற்றுகளுக்குள் நம்மவர் 5 ஓட்டங்கள் குவித்தனர், எதிரிக்கு ஒன்றுமில்லை. துணைவியார் பசியாற அழைத்தார். "நாற்காலியைவிட்டு எழுந்தால் ஆட்டம் மாறிவிடும்" என்றோம். சொன்னவர் யார்? மேடைதோறும் சகுனத்தைச் சாடிய நாமேதான்!

ஐந்தாம் சுற்றில் தேநீருக்காக எழுந்தோம். திரும்புவதற்குள், அவ்வாண்டு 58 ஹோம் ரன் அடித்த ஆரன் ஜட்ஜ், கைக்கு வந்த எளிய பந்தை நழுவவிட்டிருந்தார். அடுத்து வோல்பி மூன்றாம் தளத்திற்குத் தவறாக எறிந்தார். பந்தெறிவாளர் கோல் அதன்பின் இருவரை வீழ்த்தினார். மூன்றாமவர் பெட்ஸ் அடித்த பந்து முதல் தளக் காவலர் ரிஸ்ஸோவின் கைக்கே வந்தது. கோல் முதல் தளத்திற்கு ஓடியிருந்தால் சுற்று அத்துடன் முடிந்திருக்கும். அவரோ ஓடாமல், ரிஸ்ஸோவைப் பார்த்துக் கையைக் காட்டி நின்றார். எதிரிக்கு 5 ஓட்டங்கள்! முடிவில் 7-6 என ஆட்டமும், 4-1 எனத் தொடரும் பறிபோயின.

"நாம் எழுந்ததால் வந்த கேடு" என்று முணுமுணுத்தோம்.

"அவர் ஓடாததற்கும் உங்கள் நாற்காலிக்கும் என்னங்க சம்பந்தம்?" என்றார் துணைவியார்.

நமக்கு நாணமாயிற்று. ஓடவேண்டியவன் ஓடாமல் நின்றான். அதற்குக் காரணம் நாற்காலியில் தேடுவதா? இப்படித் தேடுபவர் நாம் மட்டுமல்லர். பாஸ்டன் நகரக் குழு, பேப் ரூத் என்னும் பெருவீரரை 1919 டிசம்பரில் யாங்கீஸுக்கு விற்றது. பின்னர் 2004 வரை வாகையறியவில்லை. அதை ரூத்தின் சாபமென்றனர் பலர். ஆனால் கறுப்பினத்தவரான ஜாக்கி ராபின்சன் 1947-இல் டாட்ஜர்ஸ் குழுவில் ஆடத் தொடங்கிய பின்னும், ஒரு கறுப்பின வீரரையேனும் சேர்க்காமல் 1959 வரை கதவடைத்திருந்தது பாஸ்டன். பெருங்குழுக்களில் அதுவே கடைசி. திறமையாளரை நிறம் பார்த்து ஒதுக்கிய குற்றத்தை மறைக்கச் சாபம் எவ்வளவு வசதியான சொல்!

விதி, சாபம், சகுனம் ஆகிய மூன்றும் ஒரே வேலையைச் செய்கின்றன: செய்யவேண்டியதைச் செய்யாதவனைக் கேள்வியிலிருந்து தப்புவிக்கின்றன. தோற்றவனுக்கு அவை தரும் ஆறுதல், அவன் திருந்துவதற்கு இருந்த வழியையும் அடைத்துவிடுகிறது.

அடுத்த ஆட்டத்தின்போது துணைவியார் அழைத்தால் உடனே எழுவதென்று உறுதி பூண்டுள்ளோம். தோழர்களே, ஊரின் மூடத்தனத்தைத் துடைக்கப் புறப்படுமுன், நம் வீட்டு நாற்காலியை ஒருமுறை தட்டிப் பார்ப்போமாக!