பலகையில எழுதின வரிசை

"மாமா, கவர்மெண்ட் மேல உங்களுக்கு நம்பிக்கை இருக்கா?"ன்னு சென்னையில வேலை பாக்கிற தங்கச்சி மகன் போன்ல கேட்டான். எந்த கவர்மெண்ட்டுன்னு கேட்டேன். மத்தியா மாநிலமான்னு கேக்குறேன்னு நினைச்சுக்கிட்டான். நான் கேட்டது அது இல்லை.

எங்க டெல்டாவுல அரசாங்கத்துக்குப் பல முகம். ரேஷன் அரிசி மாசாமாசம் வந்துடுது. விவசாய பம்புசெட்டுக்கு 1990லேருந்து எல்லாருக்கும் இலவச கரண்ட். ஜூன் 12 மேட்டூர் திறக்குமான்னு வருஷா வருஷம் பேச்சு ஓடும். ஆனா அது மழையையும் கர்நாடகாவையும் பொறுத்ததுன்னு ஜனங்களுக்கே தெரியும்.

நம்பிக்கை ஆட்டம் காணுறது நெல் கொள்முதல் நிலையத்துலதான். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல இருக்கக் கூடாதுங்கிறது விதி. விதி தப்பில்லை, ஈர நெல்லு குடோன்ல கெட்டுப்போகும். ஆனா மெஷின் காட்டுற நம்பர நமக்குக் காட்ட மாட்டாங்க. "ஈரமா இருக்கு, காய வை", அவ்வளவுதான். நாலு நாள் களத்துல காயவச்சு, ராத்திரி பனிக்குத் தார்ப்பாய் போட்டு மூடி, பக்கத்துலயே காவல் கிடப்போம். நமக்குப் பின்னால வந்த டிராக்டர் நெல்லு முன்னால எடையாகிப் போகும். ஏன்னு கேட்டா பதில் வராது. மூட்டைக்கு இவ்வளவுன்னு ஒரு கணக்கு உண்டு, அது எந்த ரசீதுலயும் ஏறாது.

ஒரு வருஷம் புதுசா ஒரு பட்டியல் எழுத்தர் வந்தார். சின்ன வயசு. வந்த மறுநாளே பலகையில வரிசை நம்பரும் பேரும் எழுதி வெளிய மாட்டினார். ஈரம் பாக்கும்போது மெஷின நம்ம பக்கம் திருப்பி, "ஐயா, 19 காட்டுது, நீங்களே பாருங்க"ம்பார். என் நெல்லையும் திருப்பித்தான் அனுப்பினார். எனக்குக் கோவம் வரலை. "இன்னிக்கு சாக்கு இல்லைங்க, லாரி நாளன்னிக்குத்தான், வீட்டுல போய்ப் படுங்க"ன்னு முன்னாடியே சொல்லிடுவார். அந்த சீசன்ல விலை ஒண்ணும் கூடலை. அதே 40 கிலோ சிப்பம், அதே பேங்க் கணக்கு. ஆனா டீக்கடையில அரசாங்கத்தத் திட்டுற சத்தம் பாதியாக் குறைஞ்சிருந்துச்சு.

அடுத்த வருஷம் அவர் வரலை. பலகை மட்டும் ஆணியில வெறுமனே தொங்கிச்சு.

போன வாரம் நாங்க மூணு பேர் சாக்பீஸ் வாங்கிட்டுப் போய் நாங்களே வரிசை எழுதினோம். இப்ப இருக்கிறவர் பாத்தார். ஒண்ணும் சொல்லலை, அழிக்கவும் இல்லை. என் நம்பர் 23. நேத்து சாயங்காலம் வரைக்கும் 14 ஆயிருக்கு.