சடசடப்பு அடங்கும் வரை

செங்கல்பட்டுப் பக்கத்து இருளர் குடியிருப்பு ஒன்றில் எண்ணெய் காய்ச்சுவதைப் பார்க்கப் போயிருந்தேன். இருளர் என்றாலே நமக்குப் பாம்புதான். 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பின் பாம்புத்தோல் வியாபாரம் படுத்ததையும், 1978-இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம் விஷம் எடுப்பதையும் பலரும் எழுதியாயிற்று. பெண்களின் பச்சிலை வேலைக்கு அத்தனை எழுத்து விழவில்லை.

அங்கே ஓர் ஆயா வேலியோரத்தில் குப்பைமேனி கிள்ளிக்கொண்டிருந்தார். அதை அம்மியில் அரைத்து, துணியில் பிழிந்த சாற்றைத் தேங்காய் எண்ணெயில் ஊற்றிச் சிறுதீயில் வைத்தார். சொறி சிரங்குக்கான எண்ணெய். நுரை பொங்கி அடங்கியது; பச்சை வண்டல் அடியில் இறங்கியது. அதைக் கரண்டியில் எடுத்து விரலிடையே உருட்டிப் பார்த்தார். பிறகு ஒரு திரியை எண்ணெயில் நனைத்துத் தீயில் காட்டினார். சடசடவென்று பொரிந்தது.

"இன்னும் தண்ணி இருக்குது தம்பி."

சற்றுப் பொறுத்து இன்னொரு திரி. சத்தமே இல்லாமல் எரிந்தது. உடனே சட்டியை இறக்கிவிட்டார். "தண்ணி நின்னா எண்ணெய் கெட்டுப்பூடும். கெட்டதைப் புண்ணுல வைக்கலாமா?"

பாக்டீரியாவோ பூஞ்சையோ, பெருக நீர் வேண்டும். நீரை விரட்டிய எண்ணெயில் அவற்றுக்குப் பிழைப்பில்லை. செடியின் குணம் ஒரு பக்கம் இருக்கட்டும்; இந்தப் பதம் பார்க்கும் கையே பாதி மருந்து என்பேன்.

குப்பைமேனிச் சத்து கிருமியைத் தடுப்பதாகக் காட்டும் ஆய்வுகளுக்குப் பஞ்சமில்லை. அகார் தட்டில் கிருமியைப் பரப்பி, சத்தில் தோய்த்த காகித வில்லையை வைத்து, சுற்றிலும் கிருமி வளராத வட்டத்தை அளப்பார்கள். சீழ்ப்புண் உண்டாக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் போன்றவை பெரும்பாலும் எளிதில் மடங்கும். ஈ.கோலை வகையறாவுக்கு வெளிச்சவ்வு ஒன்று கூடுதலாக இருப்பதால் பல தாவரச் சத்துகள் உள்ளே நுழைய முடியாமல் திணறும். எல்லாம் சரி. ஆனால் அந்தச் சத்து பெரும்பாலும் மெத்தனாலிலோ எத்தனாலிலோ இறக்கியது. ஆயா மெத்தனாலைக் கண்டாரா? அவருடைய எண்ணெயை வில்லையில் தோய்த்து வைத்தால், நீர்த்தன்மையுள்ள அகாரில் அது சரியாகப் பரவாது. வட்டம் விழவில்லை என்பதால் மருந்து பொய்யாகிவிடாது. விழுந்ததாலேயே மெய்யாகிவிடவும் செய்யாது. பினாயிலுக்கும்தான் வட்டம் விழும்.

வெட்டுக்காயத்துக்கு ஆயா கசக்கி வைப்பது கிணற்றடிப் பூண்டு. அது வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த களை. ஆதிகால ரகசியம் என்று இந்த அறிவைச் சிலாகிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். புதிதாக முளைத்ததையும் சோதித்துச் சேர்த்துக்கொண்ட அறிவு இது. தன் எல்லையும் அதற்குத் தெரியும். பாம்பு கடித்து வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "ஜி.எச்.சுக்கு ஓடுன்னுவேன், வேற இன்னா?"

படித்துவிட்டுக் குப்பைமேனியை வதக்கித் தின்னப் புறப்படாதீர்கள். ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ளவர்கள் அதை உட்கொண்டு, இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம், மரபறிவு கொண்டவர்களுக்குப் பலனில் பங்கு உண்டு என்கிறது. செடியின் பெயரை மட்டும் குறித்துக்கொண்டு போகும் ஆய்வு மாணவர்கள் காய்ச்சிய எண்ணெயையும் வாங்கிப்போய், அதற்கேற்ற முறையில் சோதிக்கட்டும். முடிவு எதுவானாலும் திரும்பி வந்து ஆயாவிடம் சொல்லட்டும்.