பச்சை விளக்கு எரியும் மூன்று நொடி

2024 பாரிஸ் ஒலிம்பிக் என்றதும் மனு பாக்கரின் இரண்டு வெண்கலங்கள்தான் நம் நினைவுக்கு வரும். ஒன்றைத் தனியாக வென்றார், மற்றொன்றை சரப்ஜோத் சிங்குடன் சேர்ந்து வென்றார். இரண்டுமே பத்து மீட்டர் ஏர் பிஸ்டலில். மூன்றாவதாக அவர் இறங்கிய 25 மீட்டர் பிஸ்டலில் நான்காம் இடம். வெண்கலத்துக்கான ஷூட்-ஆஃபில் ஹங்கேரி வீராங்கனை முந்திவிட்டார். அதிகம் பேசப்படாத அந்த மூன்றாவது போட்டியில்தான் பெண்களின் கையிடம் வேகமும் கேட்கிறார்கள். நம் ஊரில் அதை எப்படிப் பழகுகிறார்கள் என்று பார்க்க விரும்பினேன்.

முதலில் போன இடம் சுடுதளம் (ரேஞ்ச்) அல்ல, ஒரு வீடு. நந்தனத்தில் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பு ஒன்றின் இரண்டாம் மாடி. முதுகலை படிக்கும் பெண். "பேரு போடாதீங்க அக்கா. துப்பாக்கி வெச்சிருக்கற வீடுன்னு தெரிஞ்சா கீழ் வீட்டுல பயப்படுவாங்க" என்றார். வீட்டில் இருப்பது ஏர் பிஸ்டல் மட்டும்தான், அதற்கு லைசென்ஸ் வேண்டியதில்லை. இருந்தாலும் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

கூடத்தின் ஒரு பக்கச் சுவரில் காலண்டர், படம் எதுவும் கிடையாது, வெறும் வெள்ளைச் சுண்ணாம்பு. அதற்கு எதிரே நின்று, பெல்லட் போடாத பிஸ்டலைத் தூக்கி, குறி பார்த்து, விசையை அழுத்தி, மறுபடி இறக்குகிறார். இதற்கு 'ட்ரை' என்று பெயர். சுவரில் குறி எதுவும் இல்லை. "டார்கெட் இருந்தா கண்ணு அங்க ஓடிடும். முன் சைட்டு ஆடாம இருக்கான்னு மட்டும் பாக்கறதுக்குத்தான் வெறும் சுவர்." பக்கத்தில் கைப்பேசி ஒலி எழுப்புகிறது. ஏழு நொடி அமைதி, ஒரு ஒலி, மூன்று நொடி கழித்து இன்னொரு ஒலி. அந்த இடைவெளிக்குள் கை மேலே போய், விசை விடுபட்டாக வேண்டும். சமையலறையில் அம்மா குக்கர் விசில் வராமல் பார்த்துக்கொள்கிறார். மணிக்கணக்கில் இது நடக்கிறது, ஒரு குண்டும் செலவாகாமல்.

அந்த ஏழும் மூன்றும் ஏன் என்பது ரேஞ்சுக்குப் போனபோது முழுதாக விளங்கியது. 25 மீட்டர் பிஸ்டலில் மொத்தம் 60 குண்டு. முதல் 30 'பிரிசிஷன்': ஐந்து குண்டுக்கு ஐந்து நிமிடம், நிதானமாகச் சுடலாம். அடுத்த 30 'ரேபிட்'. கையை 45 டிகிரிக்கு மேல் உயர்த்தாமல் தாழ்த்தி வைத்திருக்க வேண்டும். சிவப்பு விளக்கு ஏழு நொடி எரியும். பச்சை வரும், மூன்று நொடி. அதற்குள் ஒற்றைக் கையால் தூக்கி ஒரே ஒரு குண்டு. மறுபடி சிவப்பு. இப்படி ஐந்து குண்டு ஒரு சீரிஸ், ஆறு சீரிஸ். கூட்டிப் பார்த்தால் பச்சை எரியும் நேரம் மொத்தம் ஒன்றரை நிமிடம்தான். அந்த ஒன்றரை நிமிடத்தில் 300க்கு எத்தனை என்பதுதான் கணக்கு. பாரிஸ் தகுதிச் சுற்றில் மனு பாக்கர் பிரிசிஷனில் 294, ரேபிட்டில் 296 எடுத்தார். அதாவது வேகப் பாதியில் அவர் விட்டது நான்கே புள்ளி.

நான் போன அன்று ஐந்து பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். காதுக்கு மஃப், ஒரு கண்ணை மறைக்கும் சின்ன அட்டை, கணுக்காலை மூடாத தட்டையான ஷூ. "லோட்" என்று குரல் வந்தது. மேகசினில் ஐந்து குண்டு ஏறியது. "அட்டென்ஷன்." சிவப்பு. ஐந்து கைகளும் சாய்ந்தபடி நின்றன. பச்சை விழுந்ததும் முதல் நொடியில் யாரும் சுடவில்லை, இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவது நொடியின் உள்ளேதான் ஐந்து வெடிகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. வேகப் போட்டி என்றால் அவசரமாகச் சுடுவது என்ற என் எண்ணம் அங்கேயே போய்விட்டது. கிடைத்த நேரம் முழுவதையும் அவர்கள் பயன்படுத்தினார்கள்.

பயிற்சியாளர் விளக்கினார். கை மேலே வரும்போதே விசையின் முதல் கட்டத்தை விரல் எடுத்துவிட வேண்டும். கறுப்பு வட்டத்துக்குள் முன் சைட் நுழையும்போது பாக்கி அழுத்தம் தொடர வேண்டும், புதிதாகத் தொடங்கக் கூடாது. தலை அசையக் கூடாது. "கை வந்து சேர்ற இடத்துல கண்ணு முன்னாடியே நிக்கணும். கையோட கூடவே கண்ணு மேல ஏறினா ஷாட் போச்சு." இந்த பிஸ்டலின் விசைக்குக் குறைந்தது ஒரு கிலோ எடை இருக்க வேண்டும் என்பது விதி, ஏர் பிஸ்டலுக்கு அரை கிலோ போதும். போட்டிக்கு முன் எடைக்கல்லைத் தொங்கவிட்டுச் சோதிக்கிறார்கள். ஏர் பிஸ்டலில் ஊறிய விரல் இரண்டு மடங்கு எடையை மூன்று நொடிக்குள் சீராக இழுக்கப் பழக மாதங்கள் ஆகும்.

எனக்கு மிகப் பிடித்துப்போனது துப்பாக்கியின் பிடிதான். க்ரிப் என்கிறார்கள். வால்நட் மரத்தில் செதுக்கியது, வெளிநாட்டுச் சரக்கு. சின்ன அளவு என்று வாங்கினாலும் நம் பெண்கள் பலரின் உள்ளங்கைக்கு அது பெரிது. எனவே ஒவ்வொருவரும் தன் க்ரிப்பைத் தானே திருத்துகிறார்கள். எங்கே இடைவெளி இருக்கிறதோ அங்கே மர புட்டி அப்பி, கையால் அழுத்திப் பிடித்து, காய்ந்ததும் அரத்தால் ராவி, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறார்கள். நந்தனத்துப் பெண்ணின் க்ரிப்பில் சுட்டுவிரலுக்குக் கீழே ஒரு குழி, கட்டைவிரலுக்கு ஒரு மேடு. ஆசாரி வேலை மாதிரி இருக்கிறதே என்றேன். "கண்ணை மூடிட்டு எடுத்தாலும் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி உக்காரணும் அக்கா. பச்சை விழுந்தப்புறம் கை மாத்திப் பிடிக்க டைம் கிடையாது." சென்னையின் புழுக்கத்தில் உள்ளங்கை வியர்ப்பது தனிப் பிரச்சினை. ஒவ்வொரு சீரிஸுக்கும் நடுவே துண்டில் துடைத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

இன்னொன்றும் கவனித்தேன். பயிற்சி முடிந்ததும் தண்ணீர் பாட்டிலைத் தொடும் முன்பே எல்லோரும் சோப்பு போட்டுக் கை கழுவினார்கள். குண்டு ஈயம், வெடிப்பொடியின் புகையிலும் ஈயம். காற்றோட்டமில்லாத ரேஞ்சில் அது உடம்பில் சேரும். கர்ப்பமாக இருப்பவர்கள் ரேஞ்ச் பக்கமே வருவதில்லை. பெண்கள் ஆடும் விளையாட்டில் இதைத் தொடக்கத்திலேயே சொல்லிக்கொடுக்க வேண்டும், அங்கே சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

ஆண்களுக்கு ரேபிட் ஃபயர் பிஸ்டல் என்று தனிப் போட்டி இருக்கிறது. ஐந்து இலக்கு, ஐந்து குண்டு. முதலில் எட்டு நொடி, அப்புறம் ஆறு, கடைசியில் நான்கு. பாரிஸ் ஒலிம்பிக்கிலும் அது ஆண்களுக்கு மட்டும்தான் இருந்தது. பெண்களின் பிஸ்டல் போட்டியே 1984 லாஸ் ஏஞ்சலஸில்தான் வந்தது, கனடாவின் லிண்டா தாம் முதல் தங்கம் வென்றார். நான்கு நொடியில் ஐந்து குண்டை ஒரு பெண்ணின் கை சுட முடியாது என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. உலகின் பல நாடுகளில் 'பிராக்டிகல் ஷூட்டிங்' என்ற இன்னொரு வகையும் நடக்கிறது. ஓடி, மறைந்து, திரும்பி, இரும்புத் தகடுகளைச் சுட வேண்டும். நேரமும் குறியும் சேர்ந்து புள்ளி. அதில் பெண்களுக்கெனத் தனிப் பிரிவு உண்டு. ஆனால் அதன் அடிப்படை ஆயுதம் 9 எம்எம் பிஸ்டல். இந்தியாவில் 9 எம்எம் தடைசெய்யப்பட்ட குழல் அளவு ('போர்'), சாதாரணக் குடிமக்களுக்கு லைசென்ஸ் கிடையாது. ஆகவே நம்மூர்ப் பெண்ணுக்கு எட்டும் வேகம் 'பாயின்ட் டூ டூ' (.22 அங்குலக் குண்டு) ரேபிட்தான். காக்கி போட்டால் கதை வேறு.

அந்தக் கதையைக் கேட்க ஒரு பெண் காவலரைச் சந்தித்தேன். விழுப்புரம் பக்கத்துக் கிராமம். பணியில் சேரும்வரை துப்பாக்கியைத் தொட்டதில்லை. பயிற்சிப் பள்ளியில் குறி நன்றாக இருக்கிறது என்று ஒரு அதிகாரி பிரித்தெடுத்து அனுப்பினார். தமிழ்நாடு காவல்துறையில் பெண்கள் சேர்ந்தது 1973இல். ஒரு எஸ்.ஐ., ஒரு தலைமைக் காவலர், இருபது காவலர்கள், ஆக 22 பேர். அதன் பொன்விழா ஆண்டான 2023இல், ஜூன் மாதம், செங்கல்பட்டு மாவட்டம் ஒத்திவாக்கத்தில் கமாண்டோ பயிற்சிப் பள்ளியின் ரேஞ்சில் அகில இந்திய அளவில் பெண் காவலர்களுக்கு மட்டுமேயான துப்பாக்கி சுடும் போட்டி நடந்தது. ரைபிள், பிஸ்டல், கார்பைன் எல்லாவற்றிலும் பெண்களே மோதினார்கள். ஐம்பது வருடத்தில் 22 பேரிலிருந்து அந்த ரேஞ்ச் வரை வந்ததை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

"பந்தோபஸ்து முடிச்சுட்டு வந்தா கையைத் தூக்கவே வராது மேடம்" என்றார் அந்தக் காவலர். "ராத்திரி ட்யூட்டியில ஒரு லிட்டர் பாட்டிலைக் கையை நீட்டிப் பிடிச்சுட்டு நிப்பேன். கூட இருக்கறவங்க கேப்பாங்க, என்னடி பண்றேன்னு." அவருக்கு நேரம்தான் பிரச்சினை. துப்பாக்கியும் குண்டும் ரேஞ்சும் அரசாங்கம் தருகிறது. நந்தனத்துப் பெண்ணுக்கு நேரம் இருக்கிறது, மற்ற மூன்றும் இல்லை.

நந்தனத்துப் பெண் கிளப் துப்பாக்கியில் பழகுகிறார். முறை வரும்போதுதான் கிடைக்கும், அதிலும் அவருடைய க்ரிப்பைக் கழற்றி மாட்ட வேண்டும். சொந்தமாக 'பாயின்ட் டூ டூ' பிஸ்டல் வாங்க ஆயுத லைசென்ஸ் வேண்டும், பல லட்சம் பணமும் வேண்டும். குண்டும் பெரும்பாலும் இறக்குமதிதான், ஆளுக்கு இத்தனை என்று அளவும் உண்டு. ஒரு பயிற்சி நாளில் நூறு குண்டு போகும். அவருடைய அப்பா அரசு அலுவலகத்தில் எழுத்தர். மகள் வெற்றுச் சுவரில் ஆயிரம் முறை விசை இழுப்பது இதனால்தான். ஒரு கட்டத்துக்குமேல் ட்ரை போதாது. குண்டு வெடிக்கும்போது துள்ளும் பிஸ்டலை ஏழு நொடிக்குள் அமைதிக்குக் கொண்டுவருவதை வெற்றுச் சுவர் கற்றுத்தராது.

அவர் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி. ஹாரி குரோ பக் 1920இல் தொடங்கியது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியை அழைத்துப்போனவரும் அவர்தான். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் விசில் ஊதும் எத்தனையோ பி.டி. ஆசிரியர்கள் அந்த மைதானத்தில் படித்தவர்கள். கபடி, வாலிபால், தடகளம் எல்லாம் அவர்கள் வழியாகக் கிராமம்வரை போய்ச் சேர்ந்தன. துப்பாக்கிச் சுடுதல் அப்படிப் போகவில்லை. பள்ளி, கல்லூரிப் பெண்களுக்கு அதற்கு இருக்கும் ஒரே அகலமான கதவு என்.சி.சி. அங்கே 'பாயின்ட் டூ டூ' ரைபிளில் சில குண்டு சுடலாம். பிஸ்டல் கிடையாது.

தமிழ்ப் பெண்களுக்குக் குறி இல்லையா என்ற கேள்விக்கு இடமே இல்லை. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ஏர் ரைபிளில் உலகக் கோப்பைத் தங்கம் வென்றவர், ஆனால் வளர்ந்ததும் பயின்றதும் குஜராத்தில். தமிழ்நாட்டின் நிவேதா 2022 கெய்ரோ உலகக் கோப்பையில் ஈஷா சிங், ருசிதா வினேர்கரோடு சேர்ந்து ஏர் பிஸ்டல் அணிப் போட்டியில் தங்கம் வாங்கினார். 25 மீட்டரில் நம்மிடமிருந்து அப்படியொரு பெயர் இன்னும் எழவில்லை. அந்தப் போட்டியில் இந்தியாவின் பெயர்கள் பெரிது: 2010 டெல்லி காமன்வெல்த்தில் அனிசா சய்யத், 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ராஹி சர்னோபத், 2023இல் ஹாங்சோவில் அணித் தங்கம் வென்ற மனு, ஈஷா, ரிதம் சங்வான். ராஹி கோலாப்பூர்க்காரர். 2010இல் ரைபிளில் உலகச் சாம்பியனான தேஜஸ்வினி சாவந்தும் அதே ஊர். சென்னையைவிடச் சிறிய ஊர் அது.

2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுக்காக வேளச்சேரி குருநானக் கல்லூரி ரேஞ்சில் துப்பாக்கிப் போட்டிகள் நடந்தன. நந்தனத்திலிருந்து அரை மணி நேரத் தூரம். போட்டி நடத்த நம்மால் முடிகிறது என்று அது காட்டியது. அடுத்து வேண்டியது, ஒரு எழுத்தரின் மகள் வாரம் மூன்று நாளாவது போய் நிற்கக்கூடிய 25 மீட்டர் பொது ரேஞ்ச். சின்னக் கைக்குப் பொருந்தும் க்ரிப்போடு கிளப் பிஸ்டல்கள், மானிய விலையில் குண்டு, காலையில் பெண்களுக்கென ஒதுக்கிய நேரம். ஒத்திவாக்கம் போன்ற அரசு ரேஞ்சை மாதத்தில் சில நாட்களாவது, தக்க கண்காணிப்போடு, மாநில அளவில் தேறிய பெண்களுக்குத் திறந்துவிடலாம். மாநில விளையாட்டு ஆணையமும் காவல்துறையும் உட்கார்ந்து பேசினால் இது முடியாத காரியமல்ல. அந்தப் பேச்சை இந்த ஆண்டே தொடங்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.