முன் பாரில் இருந்த பிள்ளைகள்

யாழ்ப்பாணத்தில் ஒரு பிள்ளை பிடிக்காமல் இருக்கப் பழகியதும் தகப்பன்மார் சைக்கிளின் முன் பாரில் துவாயைச் சுற்றத் தொடங்குவார்கள். பழைய துவாய், நாலைந்து சுற்று, நுனியில் ஒரு சணல் முடிச்சு. அதன்மேல் பிள்ளை. கொஞ்சம் வசதியான வீடுகளில் பாரில் பூட்டுகிற சின்னச் சீற் இருக்கும். ஒரு பிள்ளை வளர்ந்து இறங்க அது அடுத்த பிள்ளைக்கு, பிறகு சித்தி வீட்டுக்கு, பிறகு அயலட்டைக்கு என்று போய்க்கொண்டே இருக்கும். எங்கள் வீட்டுச் சீற் அப்படிக் கொக்குவில் வரை போனது. அதற்குப் பிறகு எந்தப் பிள்ளை அதில் இருந்தது என்று ஒருவருக்கும் தெரியாது.

ஐயாவின் சைக்கிள் பச்சை ரலி. டைனமோ, செயின் கவர், கரியர் எல்லாம் பூட்டினது. பின் மக்காட்டில் லைசென்ஸ் தகடு. இணுவிலில் இருந்து கே.கே.எஸ். வீதியால் தாவடி, கொக்குவில், தட்டாதெருச் சந்தி என்று ரவுணுக்குப் போவோம். பாரில் இருக்கிற பிள்ளைக்குத் தகப்பனின் முகம் தெரியாது. தலைக்கு மேலே மூச்சு மட்டும் கேட்கும். எதிர்க்காற்றில் உழக்கும்போது அந்த மூச்சுக் கனக்கும். தெரிந்தவர் யாரும் கூட வந்தால் உழக்குவதை விட்டுக் கதைப்பார். பின்சில்லு கிர்ரென்று தன்பாட்டில் சுற்றும். மணி அடிக்கிற வேலை எனக்கு.

"பிள்ளை, காலை விரிச்சுப் பிடி. சில்லுக்குள்ள விட்டிடாதை."

பாதுகாப்பு என்று அவர் சொல்லித்தந்தது இந்த ஒன்றுதான். பின்னால் பஸ் வந்தால் சத்தத்திலேயே கண்டுபிடித்துக் கரைக்கு எடுப்பார். இடதுகாலை மண்ணில் ஊன்றி நிற்பார். பஸ் போகும். தூசி அடங்கும். ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு மறுபடி உழக்குவார்.

அந்த வீதியில் அப்போது என்னதான் ஓடியது? இ.போ.ச. பஸ். கொழும்புக்கு வெங்காயமும் புகையிலையும் ஏற்றுகிற லொறி. வாடகைக்கு ஓடும் ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்கள். கொடிகாமப் பக்கம் போனால் தட்டிவான். மிச்சமெல்லாம் மாட்டு வண்டிலும் சைக்கிளும். லொறிக்காரர் நினைத்தாலும் வேகமாகப் போக ஏலாது. முன்னால் ஒரு வண்டில் அசைந்துகொண்டு போகும், அதற்கு முன்னால் சைக்கிள்கள், நடுவில் தார் கிழிந்த பள்ளம். எல்லாரும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் போனார்கள். பாரில் இருந்த பிள்ளைகளைக் காப்பாற்றியது அந்த வேகம். அப்போது அதை ஒருவரும் யோசிக்கவில்லை. காற்று, தண்ணீர் மாதிரி அது இருந்தது.

ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். அது சைக்கிளிலேயே இருந்தது. என்னோடு கீழ்வகுப்பில் படித்த பெடியன் ஒருவன் கரியரில் இருந்து போகும்போது பின்சில்லுக் கம்பிக்குள் கால் போய்விட்டது. சில்லு சுற்றச் சுற்றக் கம்பிக்கும் சட்டத்தின் தடிக்கும் இடையில் குதிக்கால் இழுபட்டு நசிந்துவிடும். வெளிக்காயம் சின்னதாகத் தெரியும். ஆனால் நசிந்த தோல் ஒன்றிரண்டு நாளில் கறுத்துச் செத்துப்போகும்; அதுதான் இந்தக் காயத்தின் குணம். அவன் திரும்பப் பள்ளிக்கூடம் வரக் கனகாலம் எடுத்தது. அது நடந்த கிழமையே ஐயா சைக்கிள் கடைக்குப் போய், பின் அச்சில் இரண்டு பக்கமும் இரும்பு மிதி பூட்டுவித்தார். லேடீஸ் சைக்கிள்களில் பாவாடையும் சேலையும் சிக்காமல் பின்சில்லின் இரண்டு பக்கமும் நூல்வலை கட்டியிருக்கும். நீலமும் சிவப்புமாகப் பார்க்கவும் வடிவு. அந்த வலை சேலைக்கு மட்டுமில்லை, சின்னக் கால்களுக்கும் காவல். மிதியும் வலையும் இருக்கிற சைக்கிளில் பிள்ளையின் கால் கம்பிக்குள் போவது அருமை. இன்றைக்குப் பிள்ளையைக் கரியரில் ஏற்றுகிறவர்களும் முதலில் இந்த இரண்டையும் பாருங்கள்.

1990 யூனில் சண்டை மறுபடி தொடங்கியது. ஏ-9 பாதை மூடப்பட்டது, மின்சாரம் போனது, பெற்றோல் போத்தலில் அளந்து விற்கிற சாமானானது. மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்கள் துளிப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள்; புகை நாலு வளவுக்குப் பரவும். மற்ற ஆட்கள் எல்லாரும் சைக்கிள். டொக்டரும் சைக்கிள், மீன்காரரும் சைக்கிள், கலியாண மாப்பிள்ளையும் சைக்கிள். இரவில் ஒருவர் சில்லைச் சுற்ற, டைனமோவில் வருகிற கரண்டில் ரேடியோவைப் போட்டு பிபிசி தமிழோசை கேட்டோம்.

நான் அப்போது படிப்பித்துக்கொண்டிருந்தேன். சேலைத்தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, மகளை முன் சீற்றில் இருத்தி, மகனை அவனுடைய சின்னச் சைக்கிளில் கூட்டிக்கொண்டு போவேன். மகன் எப்போதும் என் இடப்பக்கம். நான் அவனுக்கு வலப்பக்கம், அரைச் சில்லுப் பின்னால். அவன் வளைத்தால் என் முன்சில்லில் வந்து முட்டுவான், வீதி நடுவுக்குப் போகமாட்டான். மேடு வந்தால் முதுகில் கையை வைத்து ஒரு தள்ளு. யாரும் எனக்கு இதைப் படிப்பிக்கவில்லை. வீதியில் போன எல்லாத் தாய் தகப்பன்மாரும் அப்படித்தான் போனார்கள், பார்த்துப் பழகினது. ஏழு எட்டு வயதுப் பிள்ளைகள் ரியூசனுக்குத் தனியாகப் போய் இருட்டுவதற்குள் வந்தார்கள். சுன்னாகம் சந்தைக்கு மகனைத் தனிய அனுப்பித் தேங்காய் வாங்கியிருக்கிறேன்.

வீதியைப் பற்றிப் பயம் இருக்கவில்லை. பயம் எல்லாம் மேலேதான். பொம்மர் இரைந்தால் சைக்கிளைப் போட்டுவிட்டுப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு மதிலோரம் படுப்பேன். மகளுக்கு அந்த இரைச்சல் எனக்கு முதலே கேட்டுவிடும். சீற்றில் இருந்தபடியே "அம்மா, இறங்குவம்" என்பாள். அந்தக் காலம் இன்னொரு தரம் எவருக்கும் வரக்கூடாது. குண்டும் பட்டினியும் இடப்பெயர்வும் தின்ற வருடங்கள் அவை. ஆனால் அதற்குள்ளும் ஒன்று எங்களிடம் இருந்தது: சின்னப் பிள்ளை ஒன்று சைக்கிளில் வீதிக்கு இறங்கலாம், எதிரே வருகிற எதுவும் அதை அடித்துப் போடாது. அதைத்தான் இப்போது தேடுகிறேன்.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்து வெளிக்கிட்டது. செம்மணி வெளி, நாவற்குழிப் பாலம், விடாத மழை. சைக்கிளில் ஏறி உழக்க இடமே இல்லை, உருட்டினோம். ஹாண்டிலில் இரண்டு பை, சீற்றில் மகள், கரியரில் மாமி. மகன் தன் சைக்கிளை விடமாட்டேன் என்று உருட்டிக்கொண்டே வந்தான். ஒரு சில்லு உருள, பிறகு நிற்க, பிறகு இன்னும் ஒரு சில்லு. எத்தனை ஆயிரம் பிள்ளைகளை அன்றைக்கு அந்தப் பாரும் கரியரும் தென்மராட்சிக்குக் கொண்டுவந்து சேர்த்தன!

2002இல் ஏ-9 பாதை திறந்தது, 2006இல் மூடியது, 2009க்குப் பிறகு நிரந்தரமாகத் திறந்தது. லீசிங்கில் பல்சரும் ஸ்கூட்டி பெப்பும் ஓட்டோவும் வந்து குவிந்தன. மணலோடு டிப்பர் வந்தது. வீதிகளை அகட்டிக் காப்பெற் போட்டார்கள். பள்ளம் தீர்ந்தது நல்லது. இன்றைக்கு ஒரு நோயாளி எவ்வளவு கெதியாக ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருகிறார்! ஆனால் பள்ளத்தைத் தூர்த்தவர்கள் அது செய்துகொண்டிருந்த வேலையை வேறு எதற்கும் ஒப்படைக்கவில்லை. வேகம் கட்டறுந்து ஓடியது.

இப்போதைய வீதிக்கரையை ஒருநாள் குனிந்து பாருங்கள். காப்பெற் முடிகிற இடத்தில் நாலு விரல் இறக்கம். அதற்கு அங்கால் சல்லியும் மணலும், பிறகு மூடியில்லாத வாய்க்கால். வெள்ளைக் கோட்டுக்கு வெளியே இருக்கிற கொஞ்ச இடத்திலும் வான் ஒன்று நிற்கும். பிள்ளை அதைச் சுற்றிக்கொண்டு நடுவுக்கு வரவேண்டும். 50 கிலோமீற்றர் வேகத்தில் வருகிற வாகனம் ஒரு வினாடிக்குள் 14 மீற்றர் வந்துவிடும். பிள்ளை திரும்பிப் பார்த்துத் தடுமாறி நிமிரவே அந்த ஒரு வினாடி போதாது. வேகம் இரண்டு மடங்கானால் மோதுகிற சக்தி நாலு மடங்காகும். டிப்பர்காரருக்கோ தன் இடப்பக்கம் ஒட்டி வருகிற சின்னச் சைக்கிள் உயரத்தில் இருந்து பார்க்கத் தெரியவே தெரியாது. பிள்ளைக்குத் தலைக்கவசம் வாங்கிக் கொடுங்கள், கட்டாயம் கொடுங்கள். விழுந்தால் தலையைக் காக்கும். டிப்பரில் இருந்து காக்காது.

தம்பி எண்பதுகளில் ஒல்லாந்துக்குப் போனவன். அங்கே ஒரு தாய் முன்னுக்கு ஒன்று பின்னுக்கு ஒன்றாகப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மழைக்குள் உழக்குகிற படம் அனுப்பினான். "அக்கா, உங்களை மாதிரியே" என்று எழுதியிருந்தான். அவர்களுக்கு அது என்றைக்கும் அப்படியே இருந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை. 1971இல் அந்த நாட்டில் 3,000க்கு மேற்பட்டவர்கள் வீதி விபத்தில் இறந்தார்கள்; அதில் 400க்கு மேல் பிள்ளைகள். மகளைப் பறிகொடுத்த ஒரு பத்திரிகையாளர் 1972இல் பிள்ளைக் கொலையை நிறுத்துங்கள் என்று எழுதினார். தாய் தகப்பன்மார் அதையே பெயராக வைத்துக்கொண்டு வீதியில் இறங்கினார்கள். 1973இல் உலகம் முழுக்க எண்ணெய்த் தட்டுப்பாடு வந்தபோது அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் காரை நிறுத்தினார்கள். பிறகு வந்த வருடங்களில் சைக்கிளுக்கு வழி வெட்டினார்கள், குடிமனைத் தெருக்களில் வேகத்தைக் குறைத்தார்கள். அந்தப் படத்தில் இருக்கிற தாய்க்கு வீதியை மீட்டுக் கொடுத்தது அந்தப் போராட்டம்.

எங்களுக்கு எண்ணெய் இல்லாமல் போன காலம் இரண்டு. 1990 முதல் வந்தது ஒன்று. 2022இல் வந்தது மற்றது. அந்த வருடம் பெற்றோல் வரிசையில் நாள்கணக்காக நின்று களைத்த சனம் கோடிப்பக்கம் கிடந்த ரலியையும் லுமாலாவையும் தூசி தட்டி எடுத்தது. பலாலி வீதியில் மறுபடி பிள்ளைகளின் மணிச்சத்தம் கேட்டது. பேரன் வந்து "அம்மம்மா, உங்கட சைக்கிளில என்னை ஏத்திக்கொண்டு போங்கோவன்" என்றான். ஏற்றிக்கொண்டு மருதனார்மடம் வரை போனேன். கியூஆர் அட்டை வந்தது, பெற்றோல் வந்தது, எல்லாரும் சைக்கிளைக் கோடிக்கே தள்ளினோம். ஒரு முழப் பாதையையாவது அந்த மாதங்களில் சைக்கிளுக்கு என்று ஒதுக்கியிருக்கலாம். ஒதுக்கவில்லை.

இப்போது பேரனைத் தாய் ஸ்கூட்டியில் கொண்டுபோய் விடுகிறாள். பள்ளிக்கூடம் வீட்டில் இருந்து கூப்பிடு தூரம். அவளைக் குறைசொல்ல நான் ஆளில்லை, அந்த வீதியில் நானும் அவனைத் தனியே விடமாட்டேன்.

பிள்ளைகளும் வாகனமும் கலந்து போகிற வீதியில் வேகம் 30 கிலோமீற்றருக்கு மேற்படக்கூடாது என்று 2020இல் ஸ்ரொக்ஹோமில் உலக நாடுகள் கூடிச் சொல்லின. நாங்கள் புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை. வீதிக்கும் சபைக்கும் பொறுப்பானவர்களே, பள்ளிக்கூடம் உள்ள வீதிகளில் அந்த 30ஐப் பலகையில் எழுதுவதோடு விடாமல் மேடு போட்டு நடைமுறைக்குக் கொண்டுவாருங்கள். காப்பெற் ஓரத்து இறக்கத்தை நிரவி, வாய்க்காலை மூடி, அந்தக் கரையைச் சைக்கிளுக்கு விடுங்கள். காலை ஏழரைக்கும் பிற்பகல் ஒன்றரைக்கும் அங்கே டிப்பர் ஓடக்கூடாது. வாகனம் ஓட்டுகிற தம்பிமாரே, தங்கைமாரே, முன்னால் ஒரு தாய் பிள்ளையோடு சைக்கிளில் போனால் ஹோன் அடிக்காதேங்கோ. பின்னால் மெதுவாக வந்து, இடம் கிடைத்ததும் நன்றாக வலப்பக்கம் எடுத்து விலத்துங்கோ.